நாளைக்கு வரச் சொன்னவர்

அந்த நாற்காலியை அவரேதான் துடைப்பார். துடைக்க ஆள் இருந்தது, துணி இருந்தது, பினாயில் இருந்தது. இருந்தாலும் காலையில் வந்து பையை ஆணியில் மாட்டியதும் துண்டை உதறி, தன் மேஜைக்கு எதிரே கிடக்கும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கை வைக்கும் இடம், முதுகு சாயும் இடம் என்று துடைத்துவிட்டுத்தான் தன் இடத்தில் உட்காருவார். வருகிறவர்களுக்கான நாற்காலி அது. "வர்றவன் இன்னா கஷ்டத்தோட வரானோ, குந்துற எடமாவது சுத்தமா இருக்கட்டும்மா" என்பார்.

ஒரகடத்தில் கார்களுக்கான தகடுகளைப் பிரஸ்ஸில் அடித்துக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. மெயின் கேட்டை ஒட்டினாற்போல் ஒரு அறை. யார் வந்தார்கள், யார் லேட்டு, யாருக்கு ஓ.டி., கான்ட்ராக்ட் ஆள் யார் யார் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். டைம் ஆபீஸ் என்பார்கள். அவர் அதற்குப் பொறுப்பு. நான் அதே அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியாட்களுக்குப் போட்டோ எடுத்து கேட் பாஸ் போட்டுத் தருகிறவள். பென்னலூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோவேன். அவருக்கு மணிமங்கலம். பெயரை எழுதப் போவதில்லை. கம்பெனியிலேயே பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது, டைம் ஆபீஸ் சார் என்றால்தான் தெரியும்.

எங்கள் ரோட்டில் காலை நேரத்தில் நின்று பார்த்தால் தெரியும். பயோடேட்டாவைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு பையன்களும் பெண்களும் கேட் கேட்டாக ஏறி இறங்குவார்கள். மற்ற கம்பெனிகளில் செக்யூரிட்டி தூரத்திலேயே கையை ஆட்டிவிடுவான், "வேக்கன்சி இல்ல, போ போ." எங்கள் கேட்டில் அப்படி இல்லை. உள்ளே கூப்பிடுவார். "வாப்பா, குந்து. எந்த ஊரு? சாப்ட்டியா? ஐ.டி.ஐ.யா, டிப்ளமோவா? சரி, மேல ஒரு வார்த்தை கேட்டுகினு சொல்றேன். நாளைக்கு வா." பையன் சிரித்துக்கொண்டே போவான். மறுநாள் வருவான். மறுபடியும் தண்ணீர், மறுபடியும் "நாளைக்கு வா". அப்படி வந்து வந்து, கடைசியில் வேறு கம்பெனியில் சேர்ந்து, முதல் சம்பளத்தில் இவருக்கு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிவந்து காலில் விழுந்த ஆளையும் நான் பார்த்திருக்கிறேன். இவர் அவனுக்கு ஒரு துரும்பையும் எடுத்துப் போடவில்லை. "ஆனா ஆசையா பேசினாரே, அக்கா" என்றான் என்னிடம்.

இல்லை என்ற சொல்லே அவர் வாயில் வராது. டீ போடும் அம்மா "சார், சர்க்கரை கீதா?" என்று கேட்டால், டப்பா காலியாகக் கண்ணெதிரே கிடக்கும், "வந்துகினே கீது" என்பார். லீவு கேட்டால் "பாக்கலாம்". ஷிப்ட் மாற்றிக் கேட்டால் "பண்ணிடலாம்". அவர் வாயிலிருந்து இல்லை என்று நான் கேட்டது ஒரே ஒருமுறை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால், அவர் நல்லவர் என்பதைச் சொல்லிவிட வேண்டும். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நான் வராத நாளிலெல்லாம் என் வேலையையும் சேர்த்து அவரே செய்து, மேலே யார் கேட்டாலும் "இப்பதான் பாத்ரூம் பக்கம் போச்சு" என்று சமாளித்தவர். அதை நான் மறக்க முடியாது. மறக்கவும் மாட்டேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் மாமியாரே என்னிடம் அளந்துதான் பேசுவார். ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன். "ஏன் சார், வேலை இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போங்களேன். எதுக்கு அந்தப் புள்ளைங்கள பஸ் சார்ஜ் போட்டு அலைய வுடுறீங்க?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்குக் கோபமே வராது. "எங்க நெலத்துலதாம்மா அந்தப் பக்கத்து கம்பெனி வந்துது. நெலம் குடுத்த வூட்டுக்கு ஒரு வேலைன்னாங்க. நானும் வெள்ளைச் சட்டை போட்டுகினு போய் நின்னேன். கேட்ல ஒருத்தன், வேற யாருகூடவோ பேசிகினே, என் மூஞ்சியக்கூட பாக்காம, 'இல்ல, போ'ன்னான். அவ்ளோதான். எங்க நெலம் அது. வூட்டுக்கு வந்து எனக்கு சோறு எறங்கல. வயித்துல ஒதச்சா மாதிரி இருந்துச்சு. நாம யாரையும் அப்படி ஒதைக்கக் கூடாதுன்னு அன்னிக்கே நெனச்சுகினேன்."

ஜன்னலில் நின்ற அடுத்த ஆளுக்குப் பாஸ் போடத் திரும்பிக்கொண்டேன்.

அவர் பெண்ணின் கல்யாணப் பேச்சு இன்னொரு கூத்து. வாலாஜாபாத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்குக் குடிப்பழக்கம் உண்டு என்று இவருக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. நம் பக்கத்தில் எல்லாரும் செய்வதுபோல் "கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லியிருக்கிறார். சொல்லி அனுப்புகிறோம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம், இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் இவர் அதைச் சொன்ன அழகு இருக்கிறதே! இரண்டாம் தடவை கேசரி வைத்து, மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பூவும் பழமும் கட்டிக் கொடுத்து, வண்டிவரை போய் ஏற்றிவிட்டுச் சொன்னார். அவர்கள் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டார்கள். போன் பண்ணும்போதெல்லாம் "ஆடி போவட்டும்", "அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல", "தை பொறக்கட்டும்". கடைசியில் அந்த அம்மாள் நேரே கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டாள்.

"ஏன்யா, புடிக்கலன்னா புடிக்கலன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கின்னா, வாயில கொழுக்கட்டையா வெச்சினு கீற? உன் பேச்ச நம்பி வந்த எடத்தையெல்லாம் வேணாம்னு அனுப்பிட்டேனே!"

இவர் எழுந்து, துண்டை எடுத்து, நாற்காலியைத் துடைத்து, "குந்துங்கம்மா. வெயில்ல வந்துகிறீங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்றார். அவள் குடித்தாள். மூச்சு வாங்கினாள். கொஞ்ச நேரத்தில் அவளே "ஏதோ வவுத்தெரிச்சல்ல கத்திட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லும்படி ஆகிவிட்டது. கிளம்பும்போது இவர் சொன்னதைக் கேட்டு நான் மேஜைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு சிரித்தேன். "வூட்ல பேசிட்டு நாளைக்கு ஒரு நல்ல பதிலா சொல்றேம்மா."

கேன்டீனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இப்போது சிரிப்பு வருவதில்லை.

புதிதாக ஒரு பிரஸ் லைன் போட்டபோது, இயந்திரத்தைப் பொருத்திக் கொடுக்க இங்கிலாந்திலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். தலை முழுக்க நரை, முழங்கால் வலி. எங்கள் கம்பெனியில் வெளியாட்களுக்கு அன்றன்றைக்குப் பாஸ் போட வேண்டும். எத்தனை நாள் வந்தாலும் சரி, ராஜாவே வந்தாலும் சரி. ஆகவே தினமும் காலையில் அவர் அந்தச் சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து என் பிரின்டர் வேலை செய்யும்வரை காத்திருப்பார். அவருக்கும் டைம் ஆபீஸ் சாருக்கும் ஒருவருக்கொருவர் பாஷை புரியாது. ஆனால் மரியாதை உண்டு. இவர் பிஸ்கட்டை நீட்டுவார், அவர் நெஞ்சில் கை வைத்து வாங்கிக்கொள்வார். நடுவில் நான்தான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒப்பேற்றுவேன்.

ஒருநாள் அவர் என்னிடம் கேட்டார், "தினமும் இவர் எல்லோரிடமும் ஏதோ சொல்கிறாரே, 'நாலைக்கு வா', அது என்ன?"

நாளைக்கு வரச் சொல்கிறார் என்றேன்.

"நாளைக்கு என்ன ஆகும்?"

"நாளைக்கும் இதேதான் சார்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் வந்தாள்.

அவள் புருஷன் எங்கள் ஸ்கிராப் யார்டில் தகட்டுத் துண்டுகளை அள்ளிக் கட்டுகிற ஆள், கான்ட்ராக்ட். பர்மாவிலிருந்து உயிர் தப்பி ஓடிவந்த ரோஹிங்கியாக்கள் அவர்கள். ஊரைக் கொளுத்தி, கண்ணில் பட்டவர்களை வெட்டிப் போட்டபோது ஆறு, காடு என்று தாண்டி எங்கெங்கோ சுற்றி இங்கே வந்து சேர்ந்தவர்கள். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே, காயலான் கடைகளுக்குப் பின்னால், தார்ப்பாய் போட்ட வரிசையில் சில குடும்பங்கள் இருந்தன. கான்ட்ராக்டர் குறைந்த கூலிக்கு ஆள் கிடைத்ததே என்று ஆதார் இருக்கிறதா, மண்ணாங்கட்டி இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் சேர்த்துக்கொண்டார். எல்லாருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை.

அந்த வரிசையில் போலீஸ் சோதனை போட்டு, ஆண்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அவள் புருஷனும் அதில். ஸ்டேஷனில் ஒருவர் இவளிடம் சொல்லியிருக்கிறார்: "உன் வூட்டுக்காரரு எங்க வேலை செய்றாருன்னு கம்பெனிலேந்து பொறுப்பான ஆளு யாராவது வந்து சொன்னா வுட்டுடலாம். இல்லன்னா மேலேந்து வண்டி வரும், பார்டருக்கு அனுப்பிடுவோம். அப்புறம் எங்க கையில ஒண்ணும் இல்ல."

ஒரு ஆள் போய், ஆமாம், இவர் எங்களிடம் வேலை செய்கிறார் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. ஒரு சின்னப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து, உடைந்த தமிழில் கேட்டாள். "அய்யா, நீங்க டெய்லி பாக்கறீங்க அவரை. மெஷின்ல விரல் வெச்சு உள்ள வர்றாரு. நீங்க வந்து சொல்லுங்க அய்யா."

இவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பொய் சொல்லவில்லை, நான் பார்த்தேன். குழந்தைக்குப் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்தார். "நீ ஒண்ணும் பயப்படாதேம்மா. மேல ஒரு வார்த்தை கேட்டுகினு சொல்றேன். நாளைக்கு வா."

அவள் மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள்.

"மேனேஜர்கிட்ட கேட்டீங்களா சார்?" என்றேன்.

"கேக்கணும்மா. இன்னிக்கு அவரு மூடு சரியில்ல."

அடுத்த நாள் கேட்டேன். "ஆடிட் நடந்துகினு கீது, இந்த நேரத்துல போய் நின்னா நல்லா இருக்காது." அதற்கடுத்த நாள், "நீங்க கேக்கலன்னா நானே மேல போறேன்" என்று எழுந்தேவிட்டேன். ஓடிவந்து கையைப் பிடித்தாற்போல் மறித்தார். "தாயே, நீ கான்ட்ராக்ட்ல கீற. நீ நடுவுல பூந்து ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா அவ காரியமும் கெட்டுடும், உன் வேலையும் பூடும். நான் கேக்கறேன். பக்குவமா கேக்கணும்." அவருக்கு இல்லை என்று சொல்ல மட்டுமா வராது, அடுத்தவர் வாயிலிருந்து இல்லை என்று கேட்கவும் பயம். மேனேஜர் முகத்தைச் சுளித்துவிட்டால் என்ன செய்வது என்று அந்தப் படியையே அவர் ஏறவில்லை.

நான் அவளை கேட்டுக்கு வெளியே மடக்கினேன். அவர்கள் வரிசையில் இருந்த பெண்கள் ஏற்கனவே அவளிடம் சொல்லியிருந்தார்கள், மெட்ராஸ் ஐகோர்ட்டில் இந்த மாதிரி கேஸ் எடுக்கிற வக்கீலம்மா ஒருத்தர் இருக்கிறார், வண்டி வருவதற்கு முன்னால் போய்விட்டால் தடை வாங்கலாம் என்று. இவளுக்குக் கோர்ட் என்றால் நடுக்கம். பெயர் வெளியே வந்தால் மிச்சம் இருப்பவர்களையும் பிடித்துவிடுவார்களே என்ற பயம். "இந்தா, நான் சொல்றத கேளு" என்றேன். "இவரு செய்ய மாட்டாரு. இவர நம்பி ஒக்காந்துனு இருக்காதே. இன்னிக்கே அந்த வக்கீலம்மாகிட்ட போ."

என் குரல் எனக்கே கடுமையாகத்தான் இருந்தது. அவள் என்னைப் பயந்து பார்த்தாள். "அக்கா, அய்யா நல்ல மனுஷன். எனக்குச் சேர் போட்டாரு, தொடச்சுப் போட்டாரு. இந்த ஊர்ல எங்களுக்கு யாரு சேர் போட்டாங்க?"

மறுநாளும் அவள் வந்து அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தாள்.

அப்படி ஒரு காலையில், அவள் நாற்காலியில் இருந்ததால் வெள்ளைக்காரர் நின்றுகொண்டிருந்தார். "நாளைக்கு வாம்மா" என்று இவர் சொல்ல, அவள் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். வெள்ளைக்காரர் உட்காரவில்லை. யார் அவள், என்ன வேண்டும் அவளுக்கு என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் முகம் சிவந்து, கழுத்தெல்லாம் சிவந்து, "நான் சொல்வதை இவருக்கு அப்படியே சொல்" என்றார். நான் அப்படியே சொன்னேன். எனக்குப் புரிந்த அளவில் இங்கேயும் எழுதுகிறேன்.

அவருடைய அம்மா ஜெர்மனியில் பிறந்த யூதப் பெண். நாஜிகள் யூதர்களின் கடைகளை உடைத்து, தொழுகைக் கூடங்களைக் கொளுத்தியபோது, இங்கிலாந்து குழந்தைகளை மட்டும் உள்ளே விட்டது. பெற்றவர்களை விடவில்லை. அப்படி ரயிலேறி வந்த குழந்தைகளில் ஒருத்தி அவர் அம்மா. தாத்தாவும் பாட்டியும் அம்மாவின் கைக்குழந்தைத் தம்பியோடு அங்கேயே இருந்து, அமெரிக்கா போக விசா கேட்டார்கள்.

அமெரிக்கா வராதே என்று சொல்லவில்லையாம். வருஷத்துக்கு இத்தனை பேர் என்று ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். அந்த வரம்பும் பெரும்பாலான வருஷங்களில் நிரம்பவில்லை, வெளியே கூட்டம் நிற்க உள்ளே இடம் காலியாகவே கிடந்தது. உனக்கு அங்கே சோறு போட யார் பொறுப்பு என்று கேட்டார்கள். தூரத்து உறவினர் ஒருவர் பொறுப்பேற்றார். அவர் வசதி போதாது, இன்னொருவரைக் கொண்டுவா. கொண்டுவந்தார்கள். நன்னடத்தைக்குப் போலீஸிடம் சான்று வாங்கி வா. அடித்து நொறுக்கும்போது வேடிக்கை பார்த்ததே அந்தப் போலீஸ்தான், அவர்களிடமே போய்க் கெஞ்சி வாங்கினார்கள். அதற்குள் முதலில் கொடுத்த காகிதங்களுக்குத் தவணை முடிந்துவிட்டது. அப்புறம் புதிதாக ஒன்று சொன்னார்கள். நெருங்கிய சொந்தம் யாராவது ஜெர்மனியிலேயே தங்கினால் உனக்கு விசா கிடையாது, அவர்களைப் பணயம் வைத்து நாஜிகள் உன்னை உளவாளி ஆக்கிவிடுவார்கள் என்று. பாட்டிக்குப் படுத்த படுக்கையாக ஒரு தாயார் இருந்தார்.

"அந்த விசா ஆபீஸர் மிகவும் நல்லவராம்" என்றார் வெள்ளைக்காரர். "தாத்தா அம்மாவுக்கு எழுதும்போதெல்லாம் அவரைப் புகழ்ந்திருக்கிறார். ஒருதடவைகூட இல்லை என்று சொன்னதில்லை. நாற்காலி போட்டார். குழந்தையைக் கொஞ்சினார். அடுத்த வாரம் வாருங்கள் என்றார்."

தாத்தாவின் பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறொரு நாட்டு ஆபீஸில் முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் அழுதுகொண்டே கப்பல் ஆபீஸுக்குப் போய் ஷாங்காய்க்கு டிக்கெட் எடுத்தார். அப்போது ஷாங்காயில் இறங்க யாரும் விசா கேட்கவில்லை. தாத்தா அவருக்காகப் பரிதாபப்பட்டிருக்கிறார், பாவம், சீனாவில் போய் என்ன செய்வார், எனக்காவது அமெரிக்க விசா வந்துவிடும் என்று. அந்தக் குடும்பம் முழுசாகப் பிழைத்தது. வெள்ளைக்காரரின் தாத்தா காத்துக்கொண்டே இருந்தபோது ஒருநாள் அந்த விசா ஆபீஸையே மூடிவிட்டார்கள். பிறகு வந்தது கொலை முகாமுக்குப் போகிற ரயில்தான். தாத்தா, பாட்டி, அந்தத் தம்பி, யாரும் திரும்பவில்லை.

இதையெல்லாம் நான் தமிழில் சொல்லி முடித்தேன். டைம் ஆபீஸ் சார் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே கேட்டார். "பாவம்" என்றார். "கைக்கொழந்தைம்மா." பிறகு, "அந்த ஆபீஸரு மட்டும் இன்னா பண்ணுவாரு சொல்லு? மேலேந்து அப்படி சொல்லி வெச்சிருப்பானுங்க."

இதை மொழிபெயர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வெள்ளைக்காரர் என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சொன்னேன். அவர் தலையாட்டினார். "ஆமாம், மேலேயிருந்துதான் சொன்னார்கள். மேலே இருந்தவர்களும் கொல் என்று சொல்லவில்லை. தள்ளிப் போடு என்றுதான் சொன்னார்கள்." பிறகு இவரையே நேராகப் பார்த்து, மெதுவாக, நான் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஆமான்னு சொல்ல முடியலன்னா, அவகிட்ட இல்லன்னாவது சொல்லிடுங்கன்றாரு சார்" என்றேன்.

இவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. "சொல்லிடலாம்மா. சொல்லிடலாம்னு சொல்லு அவருகிட்ட. நாளைக்கு வரட்டும், பக்குவமா சொல்லிடறேன்."

வெள்ளைக்காரர் அன்றைக்கே கார் எடுத்துக்கொண்டு தானே ஸ்டேஷனுக்குப் போனார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தார். உட்காரவைத்து டீ கொடுத்தார்களாம். நீங்கள் கம்பெனி ஆளா என்று கேட்டார்களாம், இல்லை, வெளியிலிருந்து வந்தவன் என்றாராம். என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று நான் கேட்டதற்கு, தன் வாய்க்கு வந்த தமிழிலேயே "நாலைக்கு வா" என்றார். அந்த வாரமே அவர் வேலை முடிந்து ஊருக்குப் போய்விட்டார். கிளம்பும்போது டைம் ஆபீஸ் சாருக்குக் கை கொடுத்தார். இவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "திரும்ப வரணும் சார், எப்ப வேணா வாங்க" என்றார்.

வெள்ளைக்காரர் அந்தக் கதையைச் சொன்னதற்கு மறுநாள் அவள் வந்தபோது இவர் சொல்லிவிடுவார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். வாயைத் திறந்தார். குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தது. "நாளைக்கு வாம்மா" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் கேட் பாஸ் கட்டைத் தூக்கி மேஜைமேல் அடித்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

அப்புறம் ஒரு காலை. எங்கள் கேன்டீனில் டீ குடிக்க அவ்வப்போது வரும் கான்ஸ்டபிள் ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி, "சார், அந்த பர்மாக்காரனுங்களுக்கு நேத்து வண்டி வந்துடுச்சு. வடக்க எங்கியோ ஏத்திட்டுப் போயிட்டானுங்க. பார்டராண்ட வுட்டுடுவாங்கன்றாங்க" என்று மழை வரும் என்பதுபோல் சொல்லிவிட்டுப் போனார். இவர் அப்போதுதான் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துண்டு கையிலேயே நின்றது. நான் மேலே ஓடினேன். மேனேஜர் நான் சொன்னதைக் கேட்டு, "என்கிட்ட யாருமே சொல்லலையேம்மா. ஒரு ஆள அனுப்பியிருக்கலாமே" என்றார். உண்மையில் அனுப்பியிருப்பாரா என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

இறங்கி வந்தால், அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். குழந்தைக்குத் தலைவாரி, பொட்டு மாதிரி மையிட்டு, சுத்தமான கவுன் போட்டிருந்தாள். ஸ்டேஷனில் சேதி கேட்காமல் நேராக இங்கேதான் வந்திருக்கிறாள். இவர் தண்ணீர் கொடுத்திருந்தார். குடித்துவிட்டு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, தினமும் கேட்பதுபோல் கேட்டாள்.

"அய்யா, இன்னிக்கு?"

"இல்லம்மா" என்றார்.

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது எனக்கு முதலில் உறைக்கவே இல்லை. மறுபடியும் சொன்னார். "இல்லம்மா. கூட்டினு போயிட்டாங்க. நேத்தே. நான் மேல கேக்கவே இல்லம்மா."

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அந்த அறையை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அவள் டம்ளரை மேஜைமேல் சத்தம் வராமல் வைத்தாள். "முன்னாடி இல்ல சொல்லியிருந்தா, நான் அந்த வக்கீலம்மாகிட்ட போயிருப்பேன் அய்யா. நீங்க நாளைக்கு சொன்னீங்க. நான் நாளைக்கு வந்தேன். டெய்லி வந்தேன்." அவரைக் குறை சொல்வதுபோல்கூட இல்லை. நடந்ததைத் தனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வதுபோல் இருந்தது. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள்.

இவரும் எழுந்து அவள் பின்னாலேயே கேட்வரைக்கும் போனார். என்ன செய்வது என்று தெரியாமல், நாம் எல்லோரும் எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னார்.

"போயிட்டு வாம்மா."

அவள் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். வழி தெரியாதவர்கள் கேட்பதுபோல், நிஜமாகவே பதில் எதிர்பார்த்துக் கேட்டாள்.

"எங்க போயிட்டு அய்யா?"

அவள் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, கன்டெய்னர் லாரிகள் நிற்கிற வரிசையை ஒட்டி மெயின் ரோட்டுப் பக்கம் நடந்து போனாள். அதற்கப்புறம் அவளை நான் பார்க்கவில்லை. சில நாளில் அந்தத் தார்ப்பாய் வரிசையும் காலியாகிவிட்டது.

அவர் உள்ளே வந்தார். ஜன்னலில் பயோடேட்டா கவரோடு ஒரு டிப்ளமோ பெண் நின்றிருந்தாள். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீயே சொல்லிடும்மா" என்றார்.

"வேலை இல்லம்மா" என்றேன் அவளிடம். "இங்க இல்ல. பக்கத்து கம்பெனில கேளு."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அடுத்த கேட்டைப் பார்த்து வேகமாக நடந்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் துண்டை எடுத்து அந்த நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.